இருபத்து நாலாவது ஃபிரேம்

செம்பருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது.

மலேசியாவின் தஞ்சோங் கிளிங் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட பழைய படகுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்த கவிநேசன் மூச்சை அடக்கினான். முழங்கை இரண்டும் மணலில் புதைந்திருந்தன. வலது கண் கேமராவில், இடது கண் வானத்தில். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் குறிபார்க்கப் பழகவே அவனுக்கு ஓராண்டு பிடித்தது.

மூன்று வருடமாக அவன் துரத்தியது ஒரே ஒரு படத்தை. செம்பருந்து கடலில் இறங்கி, காலால் மீனை அள்ளும் படம்.

எடுக்காமலும் இல்லை. எடுத்ததெல்லாம் பாச்சாங்கில் சிநேகிதன் தினேஷ்வரனின் ஸ்டூடியோவில் ஒரு இழுப்பறை நிறையக் கிடந்தன. எல்லாம் ஐந்நூறில் எடுத்தவை. அதாவது, ஒரு நொடியை ஐந்நூறு துண்டாக்கி, அதில் ஒரு துண்டு நேரத்துக்கு மட்டும் ஷட்டர் திறந்து மூடிய படங்கள். தாலி கட்டும் கைக்கு அது தாராளம். பாய்ந்து வரும் பருந்துக்குப் போதாது. இறக்கை பஞ்சாகிவிடும். நீர்த்துளி கோடாக இழுக்கும். நகம் எது, மீன் எது என்று தெரியாது.

"என்னாலா இது? பருந்தா, கொடியில காயப்போட்ட துண்டா?" என்று ஒவ்வொரு ரோலையும் கழுவிக்கொடுக்கும்போது தினேஷ் கேட்பான்.

இன்று அந்தக் கேள்விக்கு இடமில்லை. நானூறு வேகக் கறுப்பு வெள்ளை பிலிமை எண்ணூறு என்று வைத்து எடுப்பதாக முடிவு செய்திருந்தான் கவிநேசன். கழுவும்போது கொஞ்சம் கூடுதலாகக் கழுவினால் சரியாகிவிடும். அந்தத் துணிச்சலில் ஷட்டரை நாலாயிரத்துக்கு ஏற்றியிருந்தான். அவனுடைய பழைய கேமராவில் அதற்கு மேல் எண் கிடையாது. முதுகுப் பக்கமிருந்து வெயில் சுள்ளென்று அடித்தால்தான் அந்த வேகத்தில் பிலிமில் எதுவும் விழும். ஒன்பது மணி வரை மேகம் மூடிக்கிடந்தது. ஒன்பதரைக்கு விலகியது.

இதை அவன் தினேஷிடம்கூடச் சொல்லவில்லை. நடந்தபின் சொல்லி அசத்தலாம் என்றிருந்தான்.

தினேஷ் அன்று கூட வரவில்லை. அலோர் காஜாவில் கல்யாணப் படம் எடுக்க விடிவதற்குள் கிளம்பவேண்டும் என்றிருந்தான். ஆனால் இடம் சொன்னது அவன்தான். "அந்த ஒடஞ்ச மரக்கம்பம் தெரியுமில்ல மச்சான், அதுக்குப் பக்கத்திலேயே குறிவச்சிரு. மீன்காரங்க சொல்றாங்க, ஒரு வாரமா அங்கதான் எறங்குதாம்."

கம்பத்தின் மேல் ஃபோகஸை நிறுத்தி, லென்ஸ் அசையாதபடி டேப் ஒட்டியிருந்தான் கவிநேசன். கம்பத்துக்கு வலப்புறம் ஒரு சம்பான், சின்ன மீன்பிடிப் படகு, கட்டிக்கிடந்து லேசாக ஆடியது. படத்தின் ஓரத்தில் அது இருந்தால் அழகுதான் என்று விட்டுவிட்டான்.

பருந்து இறக்கையை மடக்கியது. விழுந்தது.

கிர்ர்ர்!

நாலு முறை ஷட்டர் அடித்தது. அந்த வகைக் கேமராவில் ஒரு வேடிக்கை உண்டு. படம் விழுகிற அந்தக் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே ஏறிக்கொள்ளும். பார்ப்பவன் கண்ணுக்கு இருட்டு. எடுத்தவனுக்கே எடுத்தது தெரியாது. கவிநேசனும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது பருந்து தென்னைகளுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினான்: 21, 22, 23, 24. ஷட்டர் 4000. நல்ல வெயில்.

*

இரண்டு மாதம் கழித்து, ஆயர் குரோ தொழிற்சாலைக் கேன்டீனில் அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது அவன் கையிலிருந்த மைலோ பாதி மேசைக்குப் போனது.

முதல் பரிசு. அகில மலேசியக் காட்டுயிர்ப் படப் போட்டி. பரிசென்றால் கோப்பை மட்டுமில்லை. போட்டியை நடத்திய கோலாலம்பூர் இதழில் படப்பிடிப்பாளர் வேலை. ஏழு வருடமாக ஒரே இயந்திரத்துக்கு முன்னால் மூன்று ஷிப்டும் மாறி மாறி நின்ற கால்களுக்கு அது விடுதலைப் பத்திரம். 'தண்ணீரின் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக எண்ணக்கூடிய படம்' என்று நடுவர் குறிப்பு வேறு.

திங்கட்கிழமையே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தான். கொடுக்கச் சொன்னவன் தினேஷ். "இன்னும் என்னாலா யோசனை? லெட்டரை நீட்டிட்டு வாடா. நாப்பது வயசுல நீட்டப்போறியா?"

அன்று சாயங்காலம் இருவரும் தினேஷின் மோட்டாரில் ஆயர் குரோ சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு செம்பருந்து வட்டமிட்டது. ஹேண்டிலை ஒரு கையில் விட்டுவிட்டு, தினேஷ் வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம். கருடனைக் கண்டால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, சைகை காட்டுகிறான் என்று வாத்தியாரிடம் அடி வாங்கியவன்.

"ஒரு நாள் லாரியில மோதப்போறே பாரு," என்றான் பின்னாலிருந்த கவிநேசன்.

"சாமிடா அது! உனக்கு வேல வாங்கிக் கொடுத்த சாமி. நீயும் போடு!"

கவிநேசன் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டான்.

*

கடிதத்தின் கடைசி வரியை அவன் புதன்கிழமைதான் கவனமாகப் படித்தான். சனிக்கிழமை பரிசளிப்புக்கு வரும்போது அசல் நெகட்டிவைக் கொண்டுவர வேண்டும். இரை வைத்தோ கட்டி வைத்தோ எடுத்த படம் செல்லாது என்பது விதி. அதற்கு அவன் விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தான். நெகட்டிவ் கேட்பது வழக்கமான சோதனைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

நெகட்டிவெல்லாம் ஸ்டூடியோவில்தான் இருந்தது. அவன் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை; பெரிதாக்கிய படம் மட்டும்தான் தினேஷிடமிருந்து கைக்கு வரும். சிநேகிதனிடம் கொடுத்தது வீட்டில் இருப்பதுபோலத்தானே?

ஸ்டூடியோவில் தினேஷ் இல்லை. பள்ளிக்கூட வகுப்புப் படம் எடுக்கப் போயிருந்தான். அவன் மனைவி சுசீலா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாருடைய பாஸ்போர்ட் படத்திலோ முகப்பருவை மை தொட்ட மெல்லிய பிரஷால் மறைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணின் கண் கருவளையத்தைக்கூடக் காணாமல் அடிக்கும் கை அது.

"வாங்க கவிண்ணே! பசியாறிட்டீங்களா? கோலாலம்பூர் போனப்புறம் எங்களையெல்லாம் ஞாபகம் வச்சிருப்பீங்களா?"

"உன் தோசைய மறக்க முடியுமா? கல்லு கணக்கா இருக்கும்."

"அவரு ஒன்னும் சொல்றதில்லையே!"

"அவனுக்குப் பல்லு கெட்டி."

சிரித்துக்கொண்டே இழுப்பறையில் தேடி, உறையை எடுத்துக் கொடுத்தாள். கவிநேசன் நெகட்டிவ் துண்டுகளை விளக்குப் பலகையில் பரப்பினான். ஸ்டூடியோவில் எந்த ரோலையும் ஆறு ஆறாகத்தான் வெட்டுவார்கள். ஒன்று முதல் ஆறு. ஏழு முதல் பன்னிரண்டு. அப்படியே போனால் நாலாவது துண்டு பத்தொன்பதிலிருந்து இருபத்து நாலு வரை இருக்கவேண்டும்.

இருபத்து மூன்றோடு முடிந்திருந்தது.

நோட்டை எடுத்துப் பார்த்தான். 21, 22, 23, 24. அவன் கையெழுத்துதான். அடுத்த துண்டு இருபத்தைந்தில் ஒழுங்காகத் தொடங்கியது. நடுவில் ஒன்றை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

'கெட்டுப்போயிருக்கும். அதனால் வெட்டியிருப்பான்' என்று மனம் முந்திக்கொண்டு சமாதானம் சொன்னது. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை இருபத்து மூன்றின் மேல் வைத்தான். பரிசு வாங்கிய படம். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகத் தெரியும். துளிகள் கறுப்புப் பொட்டுகளாகச் சிதறி நின்றன. பருந்தின் நகம், மீனின் திறந்த வாய்...

வாயிலிருந்து ஒரு கோடு.

மயிரைவிட மெல்லிய கறுப்புக் கோடு. மீனின் வாயில் தொடங்கி, வலப்புறம் சம்பானை நோக்கிப் போனது. சுவரில் மாட்டியிருந்த அதே படத்தின் பெரிய பிரதியைத் திரும்பிப் பார்த்தான். அதில் கோடு இல்லை. கடல் மட்டும்தான்.

"சுசீலா," என்றான். அவள் திரும்பவும் பாஸ்போர்ட் படத்தில் குனிந்திருந்தாள். மறுபடி சொன்னான். "சுசீலா, இந்தப் படத்துல நீ பிரஷ் வச்சியா?"

"ஆமாண்ணே. நெகட்டிவ்ல முடி ஒன்னு ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, வெள்ளக் கோடா விழுது, மை வச்சி மூடிடுன்னு அவரு சொன்னாரு. ஏண்ணே, தெரியுதா?"

"இருபத்து நாலு எங்க?"

"எது?"

"ரோலக் கழுவினதும் எல்லாத்தையும் ஒரே தாள்ல சின்னச் சின்னதா பிரிண்ட் போடுவியே, அது எங்க?"

"அத அவருதான் எடுத்து வச்சாரு..." அவள் யோசித்தாள். "இருங்க. மொதல்ல போட்ட தாளு ரொம்பக் கறுத்துப்போச்சுன்னு ஒன்னு ஒதுக்கினேன். பிரேம் கண்ணாடிக்கு நடுவுல வைக்க உதவும்னு கழிச்ச தாளையெல்லாம் வீசமாட்டேன்."

பெட்டிக்கு அடியிலிருந்து அந்தத் தாள் வந்தது. முப்பத்தாறு படங்கள், ஒவ்வொன்றும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. கறுத்துத்தான் போயிருந்தது. ஆனால் கறுத்த தாளில் வெளிச்சம் பட்ட இடங்கள் இன்னும் தெளிவு.

இருபத்து நாலு. பருந்து மேலே எழும்பிவிட்டது. காலில் மீன். மீனின் வாயிலிருந்து விண்ணென்று இழுபட்ட நைலான் நரம்பு, வெயிலில் வெள்ளிக் கம்பிபோலச் சம்பானுக்குப் போனது. சம்பானின் விளிம்புக்கு மேலே ஒரு தொப்பி, பாதி முகம், ஒரு வலது கை. நரம்பு அந்தக் கையின் விரல்களில்தான் சுற்றியிருந்தது.

விரல்கள் கன்னத்தில் இருந்தன.

கருடன் கண்ணெதிரே இறங்கியதும், ஒளிந்திருந்தவன் ஒளிந்திருப்பதை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். நாலாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் கேமரா அதை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டது.

சுசீலா கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தாள். நிமிர வெகு நேரம் பிடித்தது.

"அன்னிக்கு அலோர் காஜா கல்யாணம்ணே," என்றாள். "தனக்குப் பதிலா அவரு தம்பிய அனுப்பினத எங்கிட்டக்கூடச் சொல்லலையே."

*

தினேஷ் வந்தபோது விளக்குப் பலகை எரிந்துகொண்டிருந்தது. கேமராப் பையை இறக்கி வைத்தவன், பலகையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகுதான் கவிநேசனைப் பார்த்தான்.

"பாத்துட்டியா?"

'எதை' என்று கேட்டிருந்தால்கூடக் கவிநேசனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன்டா?"

"என்னா ஏன்டா? மூணு வருசம்லா! மூணு வருசமா உன் துண்டுப் படத்தையெல்லாம் கழுவி எனக்குக் கை வெளுத்துப் போச்சு. கம்பத்துல ஃபோகஸ வச்சிட்டுப் படுத்துக் கெடந்தா பருந்து என்ன டைம்டேபிள் பாத்தா வரும்? நான் வர வச்சேன். செத்த மீனுதான். முள்ளு கிள்ளு ஒன்னும் போடல. தங்சி மட்டும்தான், தூண்டில் நரம்பு. மீனு ஆடினாத்தான் அது எறங்கும்னு மெல்ல இழுத்து ஆட்டினேன்."

"எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

கவிநேசன் நெகட்டிவ் துண்டுகளை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டான்.

"அப்புறம் என்னாலா? நீ ஐந்நூறுலதான் எடுப்பேன்னு நெனச்சேன். ஐந்நூறுல அந்த நரம்பு கரைஞ்சிருக்கும், ஒன்னும் தெரிஞ்சிருக்காது. நீ எவன் பேச்சக் கேட்டு நாலாயிரத்துக்குப் போனே?"

அவன் குரலில் உண்மையான குறை இருந்தது. ஏமாற்றியவன் ஏமாந்தவன்மேல் கோபப்படுகிறான்! கவிநேசனுக்குக் காது மடல் சுட்டது.

"ரோல் குப்பியில எண்ணூறுன்னு நான் எழுதினதப் பாத்துத்தானே கழுவினே. அப்பவே தெரிஞ்சிருக்குமே. அப்பவாவது சொன்னியா? இல்ல. ஒன்ன வெட்டின. இன்னொன்ன பொண்டாட்டி கையால மை பூசி மறைச்சே. அதோட என்ன வேலைய வேற விடச் சொன்னே!"

"உனக்காகத்தான்டா!"

"எனக்காக மட்டுமாங்க?" என்றாள் சுசீலா. அதுவரை வாய் திறக்காதவள். "அந்த இதழ்காரங்க வைக்கிற கண்காட்சிக்குப் படம் அறுவதும் நம்ம ஸ்டூடியோவுலதான் பிரிண்ட் போடுறோம்னு நேத்துச் சொன்னீங்களே. கவிண்ணே படத்தப் பாத்துட்டுத்தான் கூப்புட்டாங்கன்னீங்க."

தினேஷ் அவளை முறைத்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்சம் இறங்கி வந்தான்.

"சரி, அதுவும் இருக்கட்டும். ரெண்டு பேரும் நல்லா இருக்கலாம்னுதானே? இப்ப என்ன ஆகிப்போச்சு? நெகட்டிவ் தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லு. நான் லெட்டர் எழுதித் தரேன், ஸ்டூடியோவுல தண்ணி புகுந்துடுச்சுன்னு. சனிக்கிழம மால போட்டுக்கிட்டு வா."

"அந்த நரம்பு?"

"எந்த நரம்பு?"

"மீன்ல கட்டின நரம்பு. பருந்து தூக்கிக்கிட்டுப் போச்சே, அது என்ன ஆச்சு?"

தினேஷ் தோளைக் குலுக்கினான். "கையில சுத்தினது உருவிக்கிட்டுப் போயிடுச்சு. ரெண்டு மூணு ஆள் நீளம் இருக்கும். அதுவா அறுந்து விழுந்திடும்லா."

கவிநேசனுக்கு நோட்டின் அடுத்த பக்கங்கள் ஞாபகம் வந்தன. அந்த நாளுக்குப் பிறகும் மூன்று ஞாயிறு கடற்கரைக்குப் போயிருந்தான். மூன்று பக்கத்திலும் ஒரே சொல்தான் எழுதியிருந்தது: வரவில்லை.

"கன்னத்துல வேற போட்டுக்கிட்டே," என்றான்.

தினேஷ் தலை குனிந்தான். முதல் முறையாக.

"மீன பருந்துக்குப் போட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்கே. எனக்குத்தான்டா போட்டிருக்கே. பாய்ஞ்சு வந்து கவ்வினது நானு."

அந்தக் கறுத்த தாளைச் சுருட்டி, நெகட்டிவ் உறையோடு எடுத்துக்கொண்டு எழுந்தான். தினேஷ் வாசலில் குறுக்கே நின்றான்.

"எங்கடா போறே? யோசிச்சிப் பாரு. ஃபாரத்துல கையெழுத்து உன்னுது. நீதான் கட்டி வச்சேன்னு சொல்லுவாங்க. பேரு போவும், கோலாலம்பூர் போவும், இங்க உள்ளதும் போச்சு."

"தெரியும்."

"சரி... சொல்லித்தான் ஆவணும்னா சொல்லு. ஆனா அந்த இருபத்து நால மட்டும் வெட்டிட்டு அனுப்புடா. நரம்பு தெரியிற படமே போதுமே உனக்கு. என் மூஞ்சி எதுக்கு? எனக்குப் புள்ள இருக்கு மச்சான். பாச்சாங்குல நான் கட தொறக்கணும்."

கவிநேசன் சுசீலாவைப் பார்த்தான். அவள் மை பிரஷைத் தண்ணீரில் முக்கி முக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது. அவள் நிமிரவில்லை.

*

தபால் நிலையம் மூட இருபது நிமிடம் இருந்தது. விரைவுத் தபால் உறையை வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் நின்றே எழுதினான்.

'பரிசை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறேன். படம் நான் எடுத்தது. மீன் நான் கட்டியது அல்ல. எடுக்கும்போது எனக்குத் தெரியாது. இன்று தெரியும்.'

ஐந்தே வாக்கியம். ஏழு வருட வேலை திங்களோடு போய்விட்டது. வரவிருந்த வேலை இந்த ஐந்து வாக்கியத்தோடு போகிறது. இனி ஆயர் குரோவில் எந்த வாசலில் நின்று யாரிடம் மறுபடி வேலை கேட்பது என்று ஒரு மூலையில் மனம் ஓடியது. அதை ஓடவிட்டான்.

மேசையில் நூலால் கட்டிய ஒரு கத்தரிக்கோல் இருந்தது. தாளை விரித்தான். இருபத்து நாலு அதன் வரிசையின் கடைசியில், தாளின் ஓரத்தில் இருந்தது. மூன்று வெட்டுப் போதும். தனியாக விழுந்துவிடும். சின்ன வயதில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்ற முகம், தொப்பிக்குக் கீழே பாதியாகத் தெரிந்தது. கண் மூடியிருந்தது. உண்மையாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தான், பாவி.

கத்தரிக்கோலை எடுத்தான். விரலை உள்ளே விட்டான்.

முகத்தை வெட்டினால் மிஞ்சுவது இருபத்து மூன்று. நரம்பு இருக்கும், இழுத்த கை இருக்காது. கை இல்லாத நரம்பு யார் கையில் வந்து முடியும் என்று சொல்ல நடுவர் தேவையில்லை. அது தெரிந்துதான் தினேஷ் கேட்டான்.

அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது. மீனும் நரம்பும் மையும்கூட மூன்று வருட ஆத்திரம் என்று ஒரு நாள் ஆறிப்போயிருக்கும். 'மச்சான்' என்று சொல்லிக்கொண்டே, கடைசியாகவும் ஒரு முறை பழியை அவன் தலையில் கட்டப் பார்த்தானே!

"இன்ச்சே, நாக் துத்துப் டா," என்றாள் கவுன்டர் பெண், மூடப்போவதாக.

கத்தரிக்கோலை நூலோடு தொங்கவிட்டான். தாளை முழுசாக மடித்து, கடிதத்தோடும் நெகட்டிவோடும் அன்று குறித்த நோட்டுப் பக்கத்தோடும் உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுத்தான். அவள் முத்திரை குத்தினாள். சத்தம் ஷட்டர் அடித்ததுபோலக் குட்டையாக இருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கூட்டம். யாரோ ஒரு அம்மாள் மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்தவரும் போட்டுக்கொண்டார். கவிநேசன் அண்ணாந்தான். செம்பருந்து ஒன்று ஆற்றுப் பக்கமாக மெதுவாக மிதந்துகொண்டிருந்தது.

அவன் கை எழவில்லை. கண்ணைச் சுருக்கி அதன் கால்களைப் பார்த்தான். ஏதாவது தொங்குகிறதா என்று.

ரொம்ப உயரம். தெரியவில்லை.